படித்தது நெஞ்சில் நிற்க ஒரு பேரீச்சம்பழப் பெட்டி

(நமது அறக்கட்டளை மண்டபத்தில் நடந்த மாணவர் – பெற்றோர் வழிகாட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் தலைவர் அவர்களே, இமாம் ஹழ்ரத் அவர்களே, பெற்றோர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, முன்வரிசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! மஃரிபு பாங்குக்கு முன் பேச்சை முடித்துவிடுவதாக ஹழ்ரத் அவர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோம். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

முதலில் நம் பக்கத்துக் குறையை ஒப்புக்கொண்டு தொடங்குவதுதான் முறை. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நமது அறக்கட்டளை நோட்டுப் புத்தகம் கொடுக்கிறது. கட்ட முடியாத பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் கட்டுகிறது. மாலையில் டியூஷன் நடத்துகிறது. தவறியவர்களுக்குத் துணைத்தேர்வுக் கட்டணத்தையும் கட்டுகிறது. எல்லாம் நீங்கள் நம்பிக் கொடுத்த அமானிதப் பணம். ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒரு பிள்ளையையாவது உட்கார வைத்து, "நீ எப்படிப் படிக்கிறாய்? எனக்குக் காட்டு" என்று நாம் கேட்டதில்லை. புத்தகத்தைக் கொடுத்தோம். படிக்கும் வழியைக் கொடுக்கவில்லை.

அதை நமக்கு உணர்த்தியது ஒரு வீடு. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். அடையாளம் மட்டும் வேண்டாம்.

ஆறு தடவை படித்த பிள்ளை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாணவி இரண்டு பாடங்களில் தவறிவிட்டாள். துணைத்தேர்வுக்குப் பணம் கட்டலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனோம். அவளுடைய வாப்பா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "வேணாம் பாய். அவளுக்குப் படிப்பு வராது. அந்தப் பணத்தை வேற புள்ளைக்குக் கட்டுங்க. நாங்க மாப்பிள்ளை பாக்குறோம்."

அவர் பிள்ளையின் மேல் அன்பில்லாதவர் அல்லர். இரவு இரண்டு மணி வரை விளக்கெரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். இவ்வளவு படித்தும் வரவில்லை என்றால் இனி வராது என்று முடிவு செய்துவிட்டார்.

அந்தப் பிள்ளை புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மூன்று நிற மையில் கோடு போட்டிருந்தாள். கோடு போடாத வரியைத் தேட வேண்டியிருந்தது. "ஆறு தடவை படிச்சேன் மாமா" என்றாள். நாம் ஒரு பக்கத்தைத் திறந்து, அவளைப் பார்க்கச் சொல்லி, புத்தகத்தை மூடினோம். "இதில் என்ன இருக்கிறது, சொல்லம்மா" என்றோம். "இடது பக்கம் ஒரு படம், கீழே கட்டம் கட்டி ஒரு குறிப்பு" என்றாள். பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிகிறது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று வாயில் வரவில்லை.

தெருவில் எதிரே ஒருவர் வருகிறார். பார்த்ததும் தெரிந்த முகம் என்று புரிகிறது. ஸலாம் சொல்கிறோம். பெயர் வரவில்லை. முகம் தெரிவது ஒன்று, பெயர் வருவது வேறொன்று. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டும் பிள்ளைக்கு வரிகள் எல்லாம் தெரிந்த முகங்கள் ஆகிவிடுகின்றன. அந்தத் தைரியத்தில் தேர்வுக்குப் போகிறாள். வினாத்தாளோ முகத்தைக் காட்டுவதில்லை. பெயரைக் கேட்கிறது.

மதரஸாவில் நாம் கண்ட முறை

வீடு திரும்பும் வழியில் நமக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பிள்ளைக்குத் தேவையான முறை நம் ஊர் மதரஸாவிலேயே இருக்கிறது.

ஹிஃப்ழு ஓதும் பிள்ளையிடம் உஸ்தாத் "படித்தாயா?" என்று கேட்பதில்லை. முஸ்ஹஃபை மூடச் சொல்லி, "ஓது" என்கிறார். அத்தோடு அன்றையப் பாடத்தை மட்டும் கேட்டுவிட்டு அனுப்புவதும் இல்லை. புதுப் பாடம் ஒரு பங்கு. சில நாட்களுக்கு முன் மனனம் செய்தது ஒரு பங்கு. மாதக் கணக்கில் பழையது ஒரு பங்கு. பெயர்கள் மதரஸாவுக்கு மதரஸா மாறும். ஆனால் மூன்று பங்கு இல்லாமல் முப்பது ஜுஸ்உ எந்த நெஞ்சிலும் நிற்பதில்லை. புதிது அடிக்கடி கேட்கப்படுகிறது. பழகியது இடைவெளி விட்டுக் கேட்கப்படுகிறது. தடுக்கிய இடம் மறுநாளே மீண்டும் கேட்கப்படுகிறது. நாம் இன்று சொல்லப்போகும் அட்டைமுறையின் சாரமும் இதுவே.

இதைச் சொல்லும் நாமே இதில் தவறியவர்கள். சிறுவயதில் நாம் மதரஸாவில் ஐந்து ஜுஸ்உ மனனம் செய்திருந்தோம். பிறகு கல்லூரி, வேலை, குடும்பம். "நெஞ்சில்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது" என்று விட்டுவிட்டோம். ஒரு ரமளானில் தராவீஹ் தொழுகையில் நின்றுகொண்டிருந்தோம். ஹாஃபிழ் அவர்கள் ஓதிய இடம் நாம் பிள்ளையாக இருந்தபோது தடுக்காமல் ஓதிய இடம். அடுத்த ஆயத் என்ன என்று நமக்கு வரவில்லை. அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. குர்ஆனை மனனம் செய்தவருக்கு, கட்டிய ஒட்டகத்தை உடையவரை நபி (ஸல்) அவர்கள் உவமை காட்டினார்கள். கவனித்துக்கொண்டே இருந்தால் ஒட்டகம் நிற்கும், அவிழ்த்து விட்டால் போய்விடும் என்ற கருத்தில் அமைந்த அந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. பிள்ளைப்பருவத்தில் அதை ஓதியிருந்தோம். பொருள் ஐம்பது வயதில்தான் விளங்கியது.

மறதியை அளந்தவர்கள்

மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை ஒருவர் தம்மை வைத்தே அளந்து பார்த்தார். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எப்பிங்ஹாஸ். பொருளில்லாத அசைகளை வரிசையாக மனனம் செய்வார். குறிப்பிட்ட நேரம் கழித்து அதையே மறுபடி மனனம் செய்து, எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கெடுப்பார். 1885-ல் அதை நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போனது. ஒரு மாதத்தில் எஞ்சியது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அவர் எடுத்தது பொருளற்ற அசைகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். புரிந்து படித்தது இவ்வளவு வேகமாகப் போகாது. ஆனால் போகும் விதம் ஒன்றுதான்: முதலில் மளமளவென்று, பிறகு மெதுவாக.

அவரே இன்னொன்றும் கண்டார். ஒரே நாளில் தொடர்ந்து 68 தடவை ஓதியதால் கிடைத்த பலன், மூன்று நாட்களில் பிரித்து ஓதியபோது 38 தடவையிலேயே கிடைத்தது. கிட்டத்தட்டப் பாதி உழைப்பு மிச்சம். தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழிக்கும் பிள்ளைகள் இந்த இரண்டு எண்களையும் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்கள் ஒரு கட்டுரையைப் படித்தார்கள். பிறகு ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு சாரார் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். மறுபடி படித்தவர்கள் 42, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 56. புத்தகத்தைப் புரட்டுவது இன்றைக்குச் சுகமாக இருக்கிறது. தேர்வு என்னவோ இன்றைக்கு இல்லை.

ஆக இரண்டு விஷயம். ஒன்று, பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு, நாள் இடைவெளி விட்டு விட்டு எடுக்க வேண்டும். ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதையைப் புல் மூடுவதில்லை. ஒரே நாளில் நூறு தடவை நடந்துவிட்டு மாதக் கணக்கில் அந்தப் பக்கம் போகாவிட்டால் மூடிவிடும்.

பெட்டி செய்வது எப்படி?

ஸெபாஸ்டியான் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் இந்த இரண்டையும் ஒரு பெட்டிக்குள் அடக்கி 1972-ல் ஒரு நூலில் எழுதினார். அந்தப் பெட்டியை நம் வீட்டு வசதிக்கு ஏற்பச் சிறிது மாற்றிச் சொல்கிறோம்.

ரமளானில் வாங்கிய பேரீச்சம்பழ அட்டைப்பெட்டி வீட்டில் இருக்கும். இல்லாவிட்டால் செருப்புப் பெட்டி போதும். உள்ளே நான்கு அட்டைத் துண்டுகளைத் தடுப்பாக வைத்தால் ஐந்து அறை. இனி கேள்வி அட்டைகள். வீட்டுக்கு வந்த நிக்காஹ் பத்திரிகைகளை வெட்டினால் நல்ல கெட்டியான அட்டை கிடைக்கும். ஒரு கவனம்: பிஸ்மியும் ஆயத்தும் துஆவும் அச்சான பகுதியை முதலில் தனியே எடுத்துக் கண்ணியமாக வைத்துவிட வேண்டும். எழுத்தில்லாத பக்கங்களை மட்டும் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. விடைப் பக்கத்து மூலையில், அடுத்து எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்பதைப் பென்சிலால் எழுத வேண்டும்.

செப்டம்பர் 1-ஆம் தேதி ஓர் அட்டை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது முதல் அறையில். மறுநாள் 2-ஆம் தேதி கேள்வியைப் பார்த்து, விடையை வாய்விட்டுச் சொல்லி, பிறகுதான் திருப்பிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் இரண்டாம் அறை, இரண்டு நாள் கழித்து, அதாவது 4-ஆம் தேதி. மீண்டும் சரி என்றால் மூன்றாம் அறை, நான்கு நாள் கழித்து 8-ஆம் தேதி. மீண்டும் சரி என்றால் நான்காம் அறை, எட்டு நாள் கழித்து 16-ஆம் தேதி. அப்போதும் சரி என்றால் ஐந்தாம் அறை, பதினாறு நாள் கழித்து அக்டோபர் 2. அன்றும் வந்துவிட்டால் அந்த அட்டை தேறிவிட்டது. தனி உறையில் போட்டு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

எந்த அறையில் இருந்தாலும் விடை தவறினால் அட்டை முதல் அறைக்கே திரும்ப வேண்டும். நாளைக்கே மறுபடி பார்க்க வேண்டும்.

கணக்குப் பாருங்கள். தவறாமல் வரும் ஓர் அட்டையை ஒரு மாதத்தில் ஐந்து தடவைதான் பார்க்கிறோம். ஒரு தடவைக்குப் பத்து வினாடி என்றால் மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கஷ்டமான அட்டை முதல் அறையிலேயே சுற்றிச் சுற்றி வரும். நம் நேரம் தெரிந்ததில் வீணாகாமல் தெரியாததற்குப் போகிறது.

நாள் ஒன்றுக்குப் பத்துப் புது அட்டை எழுதினால் போதும். முறை ஓடத் தொடங்கிய பிறகு தினமும் சுமார் ஐம்பது அட்டை பார்க்க வேண்டி வரும். தவறியவற்றையும் சேர்த்துக் கால் மணி நேரம். எழுதக் கால் மணி நேரம். வெள்ளிக்கிழமை புது அட்டை வேண்டாம், பழையதைப் பார்த்தால் போதும். பொதுத்தேர்வுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. கடைசி ஒரு மாதத்தைத் திருப்பிப் பார்க்க விட்டுவிட்டு இருபது வாரம் என்று வைத்தாலும், வாரம் அறுபது வீதம் ஆயிரத்து இருநூறு அட்டை. ஆயிரத்து இருநூறு விடை நெஞ்சில் நிற்கும் பிள்ளையை எந்த வினாத்தாளும் வெறுங்கையோடு அனுப்பாது, இன்ஷா அல்லாஹ்.

அட்டையில் என்ன எழுதுவது?

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். புத்தகத்தில் உள்ள பத்தியை அப்படியே அட்டையில் இறக்கிவிடுகிறார்கள். ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரு சிறிய விடை.

"வேலூர்ப் புரட்சி பற்றி விவரி" என்று எழுதினால் அது அட்டை அல்ல, தலைவலி. அதையே பிரித்தால்: வேலூர்ப் புரட்சி நடந்த நாள் எது? 1806 ஜூலை 10. அப்போது வேலூர்க் கோட்டையில் யாருடைய குடும்பத்தார் காவலில் இருந்தார்கள்? திப்பு சுல்தானின் குடும்பத்தார். சிப்பாய்களைக் கொதிக்க வைத்த உத்தரவு எது? புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அடக்கியவர் யார்? கர்னல் கில்லஸ்பி. அதன் விளைவாகத் திருப்பி அழைக்கப்பட்ட சென்னை ஆளுநர் யார்? வில்லியம் பெண்டிங்க். ஐந்து அட்டைகள். இந்த ஐந்தும் நெஞ்சில் இருக்கும் பிள்ளை நெடுவினாவைத் தானே கட்டி எழுதிவிடும்.

உயிரியலில் "இதயம்" என்று ஓர் அட்டை போடாமல், "நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் இதயத்தின் எந்த அறையில் சேருகிறது?" என்று கேளுங்கள். இடது ஆரிக்கிள். "நுரையீரல் சிரையில் ஓடும் இரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகுதியா, குறைவா?" என்று இன்னோர் அட்டை. மிகுதி. படம் உள்ள பாடத்தில் படத்தை வரைந்து, பெயரை மட்டும் விட்டுவிடலாம். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் ஓர் அட்டை, தமிழ்ப் பொருளிலிருந்து ஆங்கிலச் சொல் இன்னோர் அட்டை. ஒரு திசை தெரிந்தால் மறுதிசை தெரியும் என்று நம்பிவிடக் கூடாது.

புரியாததை அட்டையில் எழுதாதீர்கள். முதலில் ஆசிரியரிடம் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், பிறகு எழுதுங்கள். தோழி எழுதிய அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதும் பலன் தராது. எழுதும்போதே பாதிப் படிப்பு முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்தப் பெட்டி எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல. கணக்கு கணக்குப் போட்டால்தான் வரும். சூத்திரத்தை அட்டையில் வைக்கலாம், கணக்கை நோட்டில் போட்டே ஆக வேண்டும். கட்டுரை எழுதப் பழக வேண்டும். கணக்குப்பதிவியலில் பதிவு விதிக்கு அட்டை போடலாம், பேரேட்டைக் கையால் போட்டுத்தான் பழக முடியும். தூக்கத்தைத் திருடியும் இந்த முறையைச் செய்யாதீர்கள். படித்தது பதிவதற்குத் தூக்கமும் தேவை. இஷாவுக்குப் பின் தூங்கி, ஸுப்ஹு தொழுதுவிட்டுக் கால் மணி நேரம் பெட்டியோடு உட்காரும் பிள்ளை, இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கும் பிள்ளையைவிடக் குறைவாகக் கஷ்டப்படுகிறது.

இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால்? கல்யாண வீடு வரும், காய்ச்சல் வரும். அட்டை குவிந்துவிட்டால் பயந்து பெட்டியை மூடிவிடாதீர்கள். புது அட்டையை நிறுத்திவிட்டு, தேங்கியதைத் தினம் கொஞ்சமாகத் தீர்த்த பிறகு தொடருங்கள்.

செல்போனில் செய்யலாமா?

செய்யலாம். போலந்து நாட்டு மாணவர் பியோத்தர் வோஸ்னியாக் 1987-ல் கணினிக்கென்று இப்படி ஒரு முறையை எழுதினார். 2006-ல் வந்த அங்கி என்ற செயலி இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்களிடம் புழங்குகிறது. ஜப்பானிய மொழியில் அங்கி என்றால் மனனம். கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம், ஐபோனில் மட்டும் விலை. எந்த அட்டையை எந்த நாளில் காட்ட வேண்டும் என்பதை அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். பேருந்தில் ஒரு மணி நேரம் போய்வரும் கல்லூரிப் பிள்ளைக்கும், நீட் தேர்வுக்கும் போட்டித் தேர்வுக்கும் தயாராகும் பிள்ளைக்கும் அது உதவும்.

ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் காகிதப் பெட்டியையே சொல்கிறோம். அட்டை பார்க்கத்தான் போனை எடுப்பார்கள். எதைப் பார்த்து முடித்தார்கள் என்று அல்லாஹ்வே அறிவான். பேரீச்சம்பழப் பெட்டிக்குள் வீடியோ வராது.

தாய்மார்களே, இது உங்கள் வேலை

"எங்களுக்கு அந்தப் பாடமெல்லாம் தெரியாதே, நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம். கேட்டால் போதும். கேள்வியைப் படியுங்கள். பிள்ளை சொல்லட்டும். திருப்பிப் பாருங்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே இருபது அட்டை முடிந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமமாக இருந்தால் அண்ணன் கேட்கட்டும், தங்கை கேட்கட்டும். கேட்கும் பிள்ளைக்கும் இரண்டு விடை சும்மா வந்து சேரும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அட்டை முதல் அறைக்குத் திரும்பும்போது திட்டாதீர்கள், கை ஓங்காதீர்கள். தவறிய அட்டை பிள்ளையின் குற்றம் அல்ல. எங்கே பலவீனம் என்று தேர்வுக்கு ஆறு மாதம் முன்னதாகவே சொல்லிவிடும் நன்மைதான் அது. திட்டினால் பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? திருப்பிப் பார்த்துவிட்டு "தெரிந்ததுதான்" என்று பொய்யாக அடுத்த அறைக்குத் தள்ளிவிடும். பெட்டியை ஏமாற்றலாம், தேர்வை ஏமாற்ற முடியாது. விடையைச் சொன்ன பிறகே திருப்ப வேண்டும் என்ற நேர்மையைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். அது பாடத்தைவிடப் பெரிய பாடம்.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது?

அவளுடைய வாப்பாவிடம் நாம் ஒன்றே ஒன்று கேட்டோம்: "மாப்பிள்ளை பாருங்கள், தடுக்கவில்லை. துணைத்தேர்வு முடியும் வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்." அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்க இஷ்டம் பாய்" என்றார். முதல் பெட்டிக்கு அவர் கடையில் கிடந்த பிஸ்கட் அட்டைப்பெட்டியைத்தான் வெட்டினோம்.

நமக்கே அப்போது இந்த முறை புதிது. முதல் வாரம் அவள் ஒரே நாளில் எழுபது அட்டை எழுதிக் களைத்துப்போனாள். பத்து போதும் என்று குறைத்தோம். அவளுடைய உம்மாதான் தினமும் கேட்டார்கள். ஒருநாள் நாம் போயிருந்தபோது, பேச்சோடு பேச்சாக அந்தத் தாய் ஒரு விடையைப் பிள்ளைக்கு முன்னால் சொல்லிவிட்டார்கள். வீடே சிரித்தது. வாப்பாவும் சிரித்தார். அந்த வீட்டில் படிப்பைப் பற்றிய பேச்சில் சிரிப்பு வந்து வெகுநாள் ஆகியிருக்கும்.

இரண்டு பாடங்களிலும் தேறினாள், அல்ஹம்துலில்லாஹ். முதல் மதிப்பெண் எல்லாம் இல்லை. தேறினாள், அவ்வளவுதான். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தம்பி ஒன்பதாம் வகுப்பு. அந்த பிஸ்கட் பெட்டி இப்போது அவனிடம் இருக்கிறது. "படிப்பு வராது" என்ற சொல் அந்த வீட்டில் இப்போது இல்லை. நாம் இன்று உங்கள் முன் நிற்பதற்குக் காரணம் அவளுடைய மதிப்பெண் அல்ல, அந்தச் சொல் போனதுதான். எத்தனை வீடுகளில் அந்தச் சொல்லால் ஒரு பிள்ளையின் வழி அடைபட்டதோ என்ற கவலை நமக்கு இருக்கிறது. அவர்களில் சிலருக்கு நாமே நோட்டுப் புத்தகம் மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

நமது ஏற்பாடு

வருகிற ஞாயிறு காலை இந்த மண்டபத்தில் பெட்டி செய்யும் வகுப்பு. பிள்ளையோடு தாயோ தந்தையோ ஒருவர் வர வேண்டும். வீட்டிலுள்ள பழைய பெட்டியையும் ஒரு கத்தரிக்கோலையும் கொண்டுவந்தால் போதும். அட்டை நமது அலுவலகத்தில் கிடைக்கும், கட்டணம் இல்லை. பழைய நிக்காஹ் பத்திரிகைகளை வைத்திருப்பவர்கள் அலுவலகத்தில் சேர்த்துவிடலாம். டியூஷன் வகுப்பில் இனி முதல் கால் மணி நேரம் புத்தகத்தைத் திறப்பதில்லை. பிள்ளைகள் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்பார்கள். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் வாரம் ஒரு மாலை வந்து, சிறியவர்கள் எழுதிய அட்டைகள் சரிதானா என்று பார்த்துத் தர முன்வர வேண்டும். பிழையான விடையை மனனம் செய்தால் அதுவும் நன்றாகப் பதிந்துவிடும் அல்லவா?

நம் கதையையும் சொல்லி முடிக்கிறோம். தொலைந்த ஐந்து ஜுஸ்உவைத் திரும்பப் பிடிக்க ஸுப்ஹுக்குப் பின் ஹழ்ரத் அவர்களிடம் போய் உட்காருகிறோம். மனனம் செய்த பக்கங்களை ஒரு சிறு நோட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறோம். தடுக்கிய பக்கத்துக்கு மறுநாள் தேதி, தடுக்காத பக்கத்துக்குத் தள்ளிய தேதி. எட்டு வயதில் ஒரு வாரத்தில் வந்தது இப்போது ஒரு மாதம் எடுக்கிறது. இதுவரை ஒன்றரை ஜுஸ்உ திரும்பியிருக்கிறது. ஒட்டகம் வெகுதூரம் போய்விட்டது, தேடிக்கொண்டிருக்கிறோம். மாணவச் செல்வங்களே, உங்கள் ஒட்டகம் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. இன்றே கட்டுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், படித்ததை நினைவில் வைக்கும் பாக்கியத்தையும், அதன்படி நடக்கும் நற்குணத்தையும் தந்தருள்வாயாக. அவர்களுக்காக உழைக்கும் பெற்றோருக்கும் உஸ்தாதுகளுக்கும் ஆசிரியர்களுக்கும் நிறைவான கூலியைத் தருவாயாக. ஆமீன்.